ரவுட்டர்ல ஒரு ஃபயர்வால், லேப்டாப்ல ஒண்ணு, ஆன்டிவைரஸ்ல இன்னொண்ணு: எது வேணும், எதை விடலாம்?

கேள்வி இதுதான். வீட்ல ஃபைபர் கனெக்‌ஷன், கம்பெனிக்காரங்க குடுத்த வைஃபை ரவுட்டர்ல ஒரு ஃபயர்வால் (நெட் வழியா தேவையில்லாம வர்றதைத் தடுக்கற காவல்) இருக்கு. லேப்டாப்ல விண்டோஸோட ஃபயர்வால் இருக்கு. லேப்டாப் வாங்குறப்ப கடைல போட்டுக் குடுத்த ஆன்டிவைரஸ் சூட்ல இன்னொரு ஃபயர்வால். மூணும் வேணுமா, ஒண்ணை ஆஃப் பண்ணா லேப்டாப் கொஞ்சம் வேகமாகுமா, சிசிடிவி மாட்ட வந்தவர் ரவுட்டர் ஃபயர்வாலை லோல வைக்கணும்ங்கறாரே வைக்கலாமா, ஆன்டிவைரஸ் அடுத்த மாசம் முடியுது ரினியூ பண்ணணுமா.

முதல்ல பதிலை சொல்லிடறேன். ரவுட்டர் ஃபயர்வாலும் விண்டோஸ் ஃபயர்வாலும் ரெண்டும் இருக்கட்டும், எதையும் ஆஃப் பண்ணாதீங்க. மூணாவது தேவையில்ல. சிசிடிவிக்காக லோல வைக்க வேண்டாம், அதுக்கு வேற வழி இருக்கு. ரினியூ பண்ணாமலே சமாளிக்கலாம், ஆனா சில செட்டிங்கை நீங்களே ஒரு தடவை உக்காந்து பாக்கணும். ஏன் அப்படிங்கறதை இனிமே விரிவா சொல்றேன், ஏன்னா காரணம் புரிஞ்சாதான் நாளைக்கு வேற ஒருத்தர் வந்து வேற ஒண்ணு சொன்னா நீங்களே முடிவெடுக்க முடியும்.

ரவுட்டர் ஃபயர்வால் பண்றது ஒரே ஒரு வேலை. உள்ளேருந்து யாராவது வெளில ஒண்ணைக் கேட்டா அதை நோட் பண்ணி வச்சுக்கும், அதுக்கு வர்ற பதிலை மட்டும் உள்ள விடும், யாரும் கேக்காம வெளிலேருந்து தானா வர்ற எதையும் அப்படியே கீழ போட்டுடும். அபார்ட்மென்ட் கேட்ல நிக்கற வாட்ச்மேன் மாதிரி வச்சுக்கங்க, நீங்க ஆர்டர் பண்ண ஆளை விடுவார், சும்மா வர்றவரை நிறுத்துவார், ஆனா உள்ள ஒரு வீட்டுக்காரர் இன்னொரு வீட்டுக் கதவைத் தட்டினா அது அவருக்குத் தெரியவே தெரியாது. அதுக்குத்தான் ஒவ்வொரு வீட்டுக்கும் தனியா கதவும் தாழ்ப்பாளும் இருக்கு. லேப்டாப்ல இருக்கற விண்டோஸ் ஃபயர்வால் அந்தத் தாழ்ப்பாள்.

இது சும்மா தியரி இல்ல. 2017 மே 12ஆம் தேதி வான்னாக்ரைங்கற ரேன்சம்வேர் (ஃபைலைப் பூட்டி வச்சுப் பணம் கேக்கற புரோகிராம்) பரவினப்ப பிரிட்டன் அரசு ஆஸ்பத்திரிகள்ல ஆபரேஷன் எல்லாம் தள்ளிப் போட வேண்டி வந்துச்சு, ஒரு இடத்துல நுழைஞ்சதும் அது அந்த நெட்வொர்க்குக்குள்ள ஒரு கம்ப்யூட்டர்லேருந்து இன்னொரு கம்ப்யூட்டருக்குத் தானா பரவுச்சு, விண்டோஸ் ஃபைல் ஷேரிங் பண்ற 445ஆம் போர்ட் (போர்ட்னா கம்ப்யூட்டர்ல நம்பர் போட்ட ஒரு வாசல்) வழியா. அந்த ஓட்டையை அடைக்கற அப்டேட்டை மைக்ரோசாஃப்ட் அந்த வருஷம் மார்ச்லயே குடுத்தாச்சு, போடாம விட்டவங்கதான் மாட்டினாங்க. உங்க வீட்டு வைஃபைல சொந்தக்காரப் பையன் ஒருத்தன் லேப்டாப்போட வந்து பாஸ்வேர்ட் வாங்கி கனெக்ட் பண்றான்னா, அவன் லேப்டாப்ல இருக்கறது எல்லாம் இப்ப உங்க கேட்டுக்கு உள்ள வந்தாச்சு, ரவுட்டர் அதுல ஒண்ணும் பண்ணாது. அங்க நிக்கறது விண்டோஸ் ஃபயர்வாலும் நீங்க போட்டு வச்ச அப்டேட்டும்தான்.

வேகத்தைப் பத்தி கேட்டீங்க. ஃபயர்வாலை ஆஃப் பண்ணா வேகம் ஏறாது. அது ஒவ்வொரு கனெக்‌ஷனுக்கும் பட்டியலைப் பாத்து விடலாமா வேண்டாமான்னு சொல்றது மட்டும்தான், இன்னிக்கு இருக்கற லேப்டாப்புக்கு அது ஒரு வேலையே இல்ல. லேப்டாப்பை இழுக்கறது ஆன்டிவைரஸோட ரியல்டைம் ஸ்கேன், அதாவது திறக்கற ஒவ்வொரு ஃபைலையும் படிச்சுப் பாக்கறது. அதுலயும் சூட்னு விக்கறதுல பிரவுசர் எக்ஸ்டென்ஷன், விபிஎன், டியூன்அப், பாஸ்வேர்ட் மேனேஜர், மணிக்கொரு தடவை வர்ற விளம்பர பாப்அப்னு கூடவே நிறைய வரும், ஸ்லோ ஆகறது பெரும்பாலும் அதுல.

இப்ப விண்டோஸ் ஃபயர்வாலை ஒரு நிமிஷம் பக்கத்துல போய் பாக்கலாம், ஏன்னா நிறைய பேர் அதை ஆன்ல வச்சுட்டே ஓட்டை போட்டுடறாங்க. புதுசா ஒரு புரோகிராம் போட்டதும் சில சமயம் ஒரு பெட்டி வரும், இந்த ஆப்போட சில வசதிகளை ஃபயர்வால் தடுத்திருக்கு, அனுமதிக்கலாமான்னு, கீழ ப்ரைவேட், பப்ளிக்னு ரெண்டு டிக் இருக்கும். எல்லாரும் ரெண்டையும் டிக் பண்ணி அலவ் அமுக்கிட்டுப் போயிடறாங்க. அந்தப் பெட்டி கேக்கறது, இந்த புரோகிராம் நெட்டைப் பயன்படுத்தலாமான்னு இல்ல, அது விண்டோஸ்ல எப்பவுமே திறந்துதான் இருக்கு. வெளில இருக்கற இன்னொரு கம்ப்யூட்டர் இந்த புரோகிராமைக் கூப்பிடலாமான்னுதான் கேக்குது. ஒரு பிடிஎஃப் ரீடர், ஒரு வீடியோ கன்வர்ட்டர், இதுங்களை யாரும் வெளிலேருந்து கூப்பிட வேண்டிய அவசியமே இல்ல, அதனால கேன்சல் அமுக்குங்க, புரோகிராம் வழக்கம் போல ஓடும். வீட்டுக்குள்ள நண்பர்களோட லேன் கேம் ஆடறீங்க, ஃபோன்லேருந்து லேப்டாப்புக்கு ஃபைல் அனுப்பற ஆப் போடறீங்கன்னா ப்ரைவேட்டை மட்டும் டிக் பண்ணுங்க.

இந்த ப்ரைவேட், பப்ளிக் சமாச்சாரமும் முக்கியம். பப்ளிக்னு வச்சா லேப்டாப் அந்த நெட்வொர்க்ல மத்தவங்க கண்ணுக்குத் தெரியாம இருக்கும், ப்ரைவேட்னா பிரிண்டர், ஃபைல் ஷேரிங் எல்லாம் வேலை செய்யும். விண்டோஸ் 11 புது வைஃபை எதுவா இருந்தாலும் பப்ளிக்னுதான் எடுத்துக்கும், அது நல்லதுதான். வீட்ல ஷேரிங் எதுவும் பண்ணலைன்னா வீட்டு வைஃபையையே பப்ளிக்ல விட்டுடுங்க, ஒரு நஷ்டமும் இல்ல. வீட்ல யாராவது மேக் வச்சிருந்தா அதுல ஃபயர்வால் வாங்கும்போது ஆஃப்லதான் இருக்கும், சிஸ்டம் செட்டிங்ஸ்ல போய் நாமதான் ஆன் பண்ணணும்.

அடுத்தது சிசிடிவி. இதைத்தான் நான் ரொம்ப அழுத்திச் சொல்லணும்னு நினைக்கிறேன், ஏன்னா நம்ம ஊர்ல வீட்டு நெட்வொர்க்ல ஓட்டை விழறது நிறைய இந்த இடத்துலதான். மாட்ட வர்றவருக்கு வேலை முடிஞ்சு ஃபோன்ல படம் தெரியணும், அவ்வளவுதான் அவர் கணக்கு, அதுக்கு ஃபயர்வாலை லோ பண்ணுவார், போர்ட் ஃபார்வர்டிங் (வெளிலேருந்து உள்ள ஒரு பெட்டிக்கு நேரா வர ஒரு போர்ட்டைத் திறந்து விடறது) போடுவார், அதுவும் வரலைன்னா டிவிஆரை (கேமரா படத்தைப் பதிவு பண்ற பெட்டி) டிஎம்இசட்ல தூக்கி வச்சுட்டுப் போயிடுவார். டிஎம்இசட்னா என்னன்னா, வெளிலேருந்து யாரும் கேக்காம வர்ற எல்லாத்தையும் கீழ போடறதுக்குப் பதிலா அந்த ஒரு பெட்டிக்கு அனுப்பிடுன்னு ரவுட்டர்கிட்ட சொல்றது. அந்தப் பெட்டில பாஸ்வேர்ட் கம்பெனி வச்ச அதே அட்மின்னா இருந்தா என்ன ஆகும்னு 2016லயே உலகம் பாத்தாச்சு. மிராய்னு ஒரு மால்வேர் (கெடுதல் பண்ற புரோகிராம்), அது பெருசா ஒரு வித்தையும் பண்ணல, கேமரா, டிவிஆர், ரவுட்டர்ல கம்பெனிகள் வழக்கமா வைக்கற அறுபது சொச்சம் யூசர்நேம் பாஸ்வேர்ட் ஜோடியைக் கையில வச்சுக்கிட்டு இன்டர்நெட் பூரா ஒவ்வொரு அட்ரஸா தட்டிப் பாத்துச்சு, திறந்ததுல எல்லாம் போய் உக்காந்துக்கிச்சு. அந்தப் பெட்டிகளை வச்சு அக்டோபர் 21ஆம் தேதி டைன்ங்கற டிஎன்எஸ் கம்பெனியை (டிஎன்எஸ்னா சைட் பேரை அதோட அட்ரஸா மாத்திச் சொல்ற சேவை) அடிச்சப்ப ட்விட்டர், நெட்ஃப்ளிக்ஸ் மாதிரி பெரிய சைட்டெல்லாம் அமெரிக்காவுல பல மணி நேரம் திறக்கல. அந்த கேமரா வச்சிருந்த வீட்டுக்காரங்களுக்கு இதுல ஒண்ணுமே தெரியாது, கேமரா எப்பவும் போல ஓடிட்டுதான் இருந்துச்சு.

அதனால டிவிஆருக்குப் போர்ட் திறக்காதீங்க. இப்ப வர்ற பெரும்பாலான டிவிஆர்ல ஒரு க்யூஆர் கோட் இருக்கும், கம்பெனியோட ஆப்ல அதை ஸ்கேன் பண்ணா டிவிஆரே உள்ளேருந்து வெளில போய் கனெக்ட் பண்ணிக்கும், ஃபயர்வால்ல எதையும் மாத்த வேண்டாம். இதுல கம்பெனியோட சர்வரை நாம நம்பித்தான் ஆகணும், அது உண்மை, இருந்தாலும் ஊர் முழுக்கத் திறந்து வைக்கறதுக்கு இது எவ்வளவோ மேல். அட்மின் பாஸ்வேர்டை அவர் போறதுக்கு முன்னாடி நீங்களே மாத்துங்க. புதுசா கேமரா வாங்கறீங்கன்னா, 2025 ஏப்ரல்லேருந்து இந்தியாவுல சிசிடிவிக்கு அரசோட பாதுகாப்பு சோதனை சர்டிஃபிகேட் கட்டாயம், அது இருக்கான்னு கேட்டு வாங்குங்க, பழைய ஸ்டாக்கைத் தள்ளிவிடப் பாப்பாங்க.

ஏற்கனவே யாராவது திறந்து வச்சிருக்காங்களான்னு பாக்கறது சுலபம். பிரவுசர்ல 192.168.1.1 போடுங்க (சில ரவுட்டர்ல 192.168.0.1, சிலதுல 192.168.29.1, பெட்டிக்கு அடில ஸ்டிக்கர்ல எழுதியிருக்கும்). உள்ள போனதும் நாலு இடம் பாருங்க. போர்ட் ஃபார்வர்டிங் பட்டியல் காலியா இருக்கணும். டிஎம்இசட் ஆஃப்ல இருக்கணும். ரிமோட் மேனேஜ்மென்ட் (வெளிலேருந்து ரவுட்டர் செட்டிங்கை மாத்தற வசதி) ஆஃப்ல இருக்கணும். யூபிஎன்பியும் ஆஃப் பண்ணிடுங்க, அது ஆன்ல இருந்தா உள்ள இருக்கற எந்தப் பெட்டியும் உங்களைக் கேக்காமலே ரவுட்டர்கிட்ட சொல்லி போர்ட்டைத் திறந்துக்கும். கேம் கன்சோல் வச்சிருக்கற வீட்ல அதை ஆஃப் பண்ணா சில ஆன்லைன் கேம்ல ஆள் சேரறதுல தகராறு வரும், அப்படி வந்தா மட்டும் யோசிங்க. ஃபயர்வாலோட லோ, மீடியம், ஹைங்கறது ஒவ்வொரு ரவுட்டர்லயும் ஒவ்வொரு மாதிரி வேலை செய்யும், மீடியம்ல விடுங்க போதும்.

அப்படியே ஸ்டேட்டஸ் பக்கத்துல வேன் ஐபின்னு (ரவுட்டரோட வெளிப்பக்க அட்ரஸ்) இருக்கறதையும் பாருங்க. அது 100.64லேருந்து 100.127க்குள்ள ஆரம்பிச்சா, இல்ல முதல் புள்ளிக்கு முன்னாடி வெறும் 10னு இருந்தா, உங்க நெட் கம்பெனி பல வீட்டுக்கு ஒரே பப்ளிக் ஐபியைப் பங்கு போட்டுக் குடுக்குதுன்னு அர்த்தம், பழைய அட்ரஸ் முறையான ஐபிவி4 வழியா வெளிலேருந்து யாரும் உங்க ரவுட்டர் வரைக்கும் நேரா வர முடியாது. ஆனா இதை நம்பி நிம்மதியா இருக்கக் கூடாது, ஏன்னா இப்ப நிறைய கம்பெனி புது முறையான ஐபிவி6ம் சேத்துக் குடுக்கறாங்க, அதுல வீட்ல இருக்கற ஒவ்வொரு ஃபோனுக்கும் டிவிக்கும் உலகம் பூரா செல்லுபடியாகற சொந்த அட்ரஸ் இருக்கும், அங்க தடுத்து நிறுத்தறது ரவுட்டரோட ஐபிவி6 ஃபயர்வால் மட்டும்தான். சில பெட்டில அதுக்குத் தனி ஸ்விட்ச் இருக்கு. அது ஆன்ல இருக்கான்னு கண்டிப்பா பாருங்க, இதை யாரும் சொல்றதே இல்ல.

வயர்லெஸ்னு ஆனதுக்கப்புறம் கேட்டுக்கு வெளிய இருக்கறவங்க மட்டும் இல்ல, பக்கத்து வீட்ல, மாடில, தெருவுல இருக்கறவங்களும் கணக்குல வர்றாங்க, ஏன்னா வைஃபை பாஸ்வேர்ட் கிடைச்சவங்க ஃபயர்வாலுக்கு உள்பக்கம் வந்துடறாங்க. நம்ம வீடுகள்ல நிறைய இடத்துல வைஃபை பாஸ்வேர்ட் வீட்டுக்காரரோட மொபைல் நம்பர், கனெக்‌ஷன் குடுக்க வந்த பையனே அப்படித்தான் வச்சுட்டுப் போறான். டபிள்யூபிஏ2ங்கற வைஃபை பூட்டு முறைல ஒருத்தர் உங்க ஃபோன் வைஃபைல கனெக்ட் ஆகற அந்த ஒரு நொடில காத்துல போறதைப் பிடிச்சு வச்சுக்கிட்டா போதும், அப்புறம் அவர் வீட்ல உக்காந்து கம்ப்யூட்டரை விட்டு ஒவ்வொரு பாஸ்வேர்டா போட்டுப் பாக்கலாம், உங்க ரவுட்டருக்கு அது தெரியவும் தெரியாது. இந்திய மொபைல் நம்பர் 6, 7, 8, 9ல ஆரம்பிச்சு 10 டிஜிட், மொத்தம் 400 கோடி நம்பர்தான். இன்னிக்கு கேம் ஆடறவங்க வச்சிருக்கற ஒரு டாப் கிராஃபிக்ஸ் கார்டு நொடிக்கு 20 லட்சத்துக்கு மேல போட்டுப் பாக்கும், அதாவது ஒரு மணி நேரத்துக்குள்ள முடிஞ்சுது. அதுவே ஒண்ணுக்கொண்ணு சம்பந்தம் இல்லாத நாலஞ்சு வார்த்தையை நடுவுல ஒரு நம்பர் வச்சு இருபது எழுத்துக்கு மேல போட்டா வாழ்நாள்ல ஆகாது, சொல்றதுக்கும் சுலபம். ரவுட்டர்ல அந்தப் பூட்டு முறையோட அடுத்த வெர்ஷன் டபிள்யூபிஏ3 இருந்தா அதைப் போடுங்க, பழைய ஃபோன் கனெக்ட் ஆகலைன்னா ரெண்டும் கலந்த மோடு இருக்கும், அதைப் போடுங்க.

பாஸ்வேர்டுக்குப் பதிலா பட்டனோ பின் நம்பரோ வச்சு வைஃபைல சேர விடற டபிள்யூபிஎஸ்ஸை ஆஃப் பண்ணுங்க. அதோட பின் நம்பர் 8 டிஜிட்டா இருந்தாலும் ரவுட்டர் அதை ரெண்டு பாதியா சரி பாக்குது, கடைசி டிஜிட் மத்த ஏழை வச்சுக் கணக்குப் போட்டு வர்றது, அதனால மொத்தம் 11,000 தடவை போட்டாலே திறந்துடும்னு 2011லயே ஆராய்ச்சி பண்ணவங்க காட்டிட்டாங்க. நெட்வொர்க் பேரை மறைச்சு வைக்கறது, மேக் ஃபில்டர் போடறது (ஆப்பிள் மேக் இல்ல, மேக் அட்ரஸ்ங்கற அடையாள நம்பரைப் பாத்து சில சாதனத்தை மட்டும் விடறது) இதெல்லாம் உங்க நேரம்தான் வீண், மேக் அட்ரஸ் காத்துலயே திறந்து போகுது, தவிர ஆண்ட்ராய்ட் 10லேருந்து ஃபோனே வைஃபைக்கு வைஃபை வேற மேக் அட்ரஸைக் காட்டும்.

வர்றவங்க போறவங்களுக்கு கெஸ்ட் நெட்வொர்க் (அதே ரவுட்டர்லேருந்து வர்ற தனி வைஃபை) போட்டுக் குடுங்க. கேமரா, ஸ்மார்ட் பல்ப், ஏசி இதையும் அங்கயே தள்ளுங்க, அப்ப அதுல ஒண்ணு கெட்டாலும் உங்க லேப்டாப் பக்கம் வராது. டிவியை மட்டும் யோசிச்சு வைங்க, கெஸ்ட்ல போட்டா ஃபோன்லேருந்து காஸ்ட் பண்ண முடியாது.

சரி, இப்ப ஆன்டிவைரஸ். ஃபயர்வால் எவ்வளவு நல்லா இருந்தாலும், உள்ளேருந்து நாமளே கேட்டு வாங்கற எதையும் அது நிறுத்தாதுன்னு மேல சொன்னேன் இல்லையா, இன்னிக்கு வீடுகள்ல பணம் போறது நிறைய அந்த வழிலதான். கிராக் பண்ண சாஃப்ட்வேர், மெயில்ல வர்ற இன்வாய்ஸ், வாட்ஸ்அப்ல கல்யாணப் பத்திரிகைன்னும் டிராஃபிக் ஃபைன்னும் சொல்லி வர்ற ஏபிகே ஃபைல் (ஆண்ட்ராய்ட் ஃபோன்ல ஆப் இன்ஸ்டால் பண்ற ஃபைல்). அந்த ஏபிகேவைப் போட்டா எஸ்எம்எஸ் படிக்க பர்மிஷன் கேக்கும், குடுத்தா ஓடிபி அவங்களுக்குப் போகும். இதுல ரவுட்டர் என்ன பண்ண முடியும்? அப்பா அம்மா ஃபோன்ல, தெரியாத இடத்துலேருந்து ஆப் இன்ஸ்டால் பண்ற பர்மிஷன் வாட்ஸ்அப்புக்கும் குரோமுக்கும் ஆஃப்ல இருக்கான்னு போய் பாருங்க, ப்ளே ஸ்டோர்லயே இருக்கற, ஆப்பைச் சோதிக்கற ப்ளே ப்ரொடெக்ட் ஆன்ல இருக்கான்னும் பாருங்க, ஒரு சூட் வாங்கறதை விட இது பெரிய வேலை. அதையும் மீறி பணம் போயிடுச்சுன்னா உடனே 1930க்கு ஃபோன் பண்ணுங்க, எவ்வளவு சீக்கிரம் சொல்றோமோ அந்த அளவுக்கு அந்தப் பணத்தை பேங்க்ல நிறுத்தி வைக்க வாய்ப்பு இருக்கு.

லேப்டாப்புக்கு விண்டோஸ்லயே இருக்கற டிஃபெண்டர் போதும்னு நான் தைரியமா சொல்றேன். ஜெர்மனில ஏவி டெஸ்ட், ஆஸ்ட்ரியாவுல ஏவி கம்பாரடிவ்ஸ்னு ஆன்டிவைரஸ்களைச் சோதிச்சு மார்க் போடற ரெண்டு லேப் இருக்கு, அங்க பல வருஷமா காசு குடுத்து வாங்கறதுங்களோட சரிசமமா டிஃபெண்டர் நிக்குது. அதோட ஒரு குறை, நெட் இல்லாதப்ப அதோட பிடி கொஞ்சம் தளரும், அதனால நெட் இல்லாத கம்ப்யூட்டர்ல ஊர்ப்பட்ட பென்டிரைவ் போடற ஜெராக்ஸ் கடைக்கு நான் காசு குடுத்து வாங்கச் சொல்லுவேன், உங்க வீட்டுக்கு வேண்டாம். ரெண்டு ஆன்டிவைரஸை ஒரே நேரத்துல ஓட விடறதும் கூடாது, ஒண்ணு திறந்து படிக்கற ஃபைலை இன்னொண்ணு பிடிக்கும், லேப்டாப் திணறும்.

டிஃபெண்டர்ல வாங்கும்போது ஆஃப்ல இருக்கற ஒரு நல்ல விஷயம், ரேன்சம்வேர் ப்ரொடெக்‌ஷனுக்குள்ள கன்ட்ரோல்ட் ஃபோல்டர் ஆக்ஸஸ். அதை ஆன் பண்ணா டாக்குமென்ட்ஸ், பிக்சர்ஸ் ஃபோல்டர்ல தெரியாத புரோகிராம் எதுவும் கை வைக்க முடியாது. சில நல்ல புரோகிராமையும் நிறுத்தும், அப்ப அதை மட்டும் அனுமதிச்சுக்கலாம். அதோட முக்கியமான ஃபோட்டோ, பத்திரம் எல்லாம் ஒரு ஹார்ட் டிஸ்க்ல காப்பி எடுத்து, எடுத்ததும் கழட்டி வைங்க. விண்டோஸ் 10ல இருந்தீங்கன்னா அதுக்கு 2025 அக்டோபர் 14ஓட வழக்கமான அப்டேட் நின்னு போச்சு, 11க்கு மாறுங்க, மேல சொன்ன வான்னாக்ரை கதை அப்டேட் போடாததோட கதைதான்.

இன்னும் ஒண்ணு, காசே இல்லாம வீட்ல எல்லா பெட்டிக்கும் ஒரே இடத்துல பாதுகாப்பு வேணும்னா ரவுட்டர்ல டிஎன்எஸ்ஸை 9.9.9.9னு மாத்துங்க, க்வாட்9ங்கற லாப நோக்கம் இல்லாத அமைப்பு நடத்தறது, மால்வேர், ஃபிஷிங்னு (ஏமாத்தி பாஸ்வேர்ட் வாங்கறது) தெரிஞ்ச சைட் பேரைக் கேட்டா பதிலே சொல்லாது. சின்னப் பசங்க இருக்கற வீடுன்னா க்ளவுட்ஃப்ளேரோட 1.1.1.3 போட்டா ஆபாச சைட்டும் சேந்து அடைபடும். கம்பெனி குடுத்த சில ரவுட்டர்ல டிஎன்எஸ் மாத்த விட மாட்டாங்க, அப்ப ஃபோன்ல ப்ரைவேட் டிஎன்எஸ், லேப்டாப்ல வைஃபை செட்டிங்னு தனித்தனியா மாத்திக்கலாம்.

இப்ப ரினியூவல். முடியற தேதி வரைக்கும் காத்திருக்காதீங்க, முடிஞ்சதுக்கப்புறம் அது அப்டேட் வாங்காம, டிஃபெண்டருக்கும் முழுசா வழி விடாம நடுவுல உக்காந்திருக்கும் சில சமயம். அதுக்கு முன்னாடியே ஒரு ஞாயித்துக்கிழமை செட்டிங்ஸ்ல போய் அன்இன்ஸ்டால் பண்ணுங்க, அந்தக் கம்பெனி சைட்லயே ரிமூவல் டூல்னு ஒண்ணு இருக்கும், மிச்சம் மீதியை அது துடைச்சுடும். ரீஸ்டார்ட் பண்ணி விண்டோஸ் செக்யூரிட்டியைத் திறங்க. வைரஸ் ப்ரொடெக்‌ஷன்ல ரியல்டைம் ஆன்ல இருக்கணும், ஃபயர்வால் பக்கத்துல டொமைன், ப்ரைவேட், பப்ளிக் மூணுக்கும் ஆன்னு காட்டணும். ஒரு அப்டேட் போட்டு ஃபுல் ஸ்கேன் விட்டுட்டு மத்த வேலையைப் பாருங்க. அப்புறம் மறக்காம அந்தக் கம்பெனி அக்கவுன்ட்ல ஆட்டோ ரினியூவலை நிறுத்துங்க, யூபிஐ ஆப்ல ஆட்டோபே பட்டியல்லயும் அது இருக்கான்னு பாத்து கேன்சல் பண்ணிடுங்க, இல்லன்னா சாஃப்ட்வேரை எடுத்ததுக்கப்புறமும் அடுத்த மாசம் காசு போயிடும்.